கடிதம், புரொக்ஸி, வட்ஸ்அப்: செய்தியை யார் கொண்டுபோகிறார்?

புரொக்ஸி என்ற சொல்லை எங்களில் அனேகமானோர் முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில்தான். பள்ளிக்கூட வைஃபையில் வட்ஸ்அப் திறக்காது. ஒருவர் "விபிஎன் போடு" என்பார், இன்னொருவர் "ஒரு புரொக்ஸி இருக்கு" என்பார். ஸ்டுட்கார்ட்டில் படித்தாலும் சரி, எஸ்லிங்கனில் படித்தாலும் சரி, இந்தக் கதை ஒன்றுதான். பாடன்-வூட்டெம்பேர்க் மாநிலத்தின் ஊடக மையம் பள்ளிகளுக்கென்று தரும் வலையமைப்பிலேயே இணையத்தை வடிகட்டும் புரொக்ஸியும் ஒரு பகுதி. எனவே நீங்கள் அதைத் தேடிப் போகாவிட்டாலும், பள்ளிக்கூடத்தில் இணையத்தைத் திறந்த நாளிலிருந்தே அனேகமாக ஒரு புரொக்ஸி வழியாகத்தான் போய்வந்திருக்கிறீர்கள்.

புரொக்ஸி என்றால் பதிலாள். நீங்கள் நேரே போக முடியாத இடத்துக்கு உங்களுக்காகப் போய்வருபவர். நீங்கள் கேட்பதை அவர் வாங்கி, தன் பெயரில் வெளியே கேட்டு, வந்த பதிலை உங்களிடம் தருவார். ஃபயர்வோல் என்பது தீச்சுவர். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் காவல். சுவர் இருக்கும் இடத்தில்தான் பதிலாளுக்கு வேலை இருக்கும்.

இந்த இரண்டும் கணினிக்காரரின் விடயம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் எங்கள் குடும்பங்களின் கடந்த முப்பத்தைந்து வருட வரலாற்றை இந்த இரண்டு சொற்களை வைத்தே சொல்லிவிடலாம். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கணினி இல்லாத காலத்துப் புரொக்ஸி

1990 ஜூனில் போர் மறுபடியும் தொடங்கியது. அதிலிருந்து 1995 முடியும்வரை யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்தது. மின்சாரம் இல்லை. ஜேர்மனியில் இருந்த ஒரு மகன் யாழ்ப்பாணத்தில் இருந்த தாயின் வீட்டுக்கு நேரே தொலைபேசி எடுத்துக் கதைக்க வழியில்லை.

அப்படியென்றால் செய்தி போகவே இல்லையா? போனது. வேறு ஆட்களின் கையால் போனது.

ஒரு வழி, பயணிகள். யாராவது கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்து, வவுனியா போய், அங்கிருந்து கொழும்புக்குப் போவார்கள். அவர்களின் பைக்குள் ஊராரின் கடிதங்கள் இருக்கும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகள் இருந்தன. வடக்கிலிருந்து வந்தவர்கள் அங்கே தங்கித்தான் வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். தொலைபேசி லொட்ஜ் முதலாளியின் மேசையில் இருக்கும். அழைப்பு வந்தால் யாராவது மேல்மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்வார்கள். நேரே கதைக்க முடியாத இரண்டு பேருக்கு இடையில் லொட்ஜ் ஒரு புரொக்ஸியாக இருந்தது.

இன்னொரு வழி, செஞ்சிலுவை. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் வேலை செய்தது. அது கொண்டுபோகும் செய்திக்கு ஒரு தாள் உண்டு. அதில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். நலமாக இருக்கிறோம், பிள்ளை பிறந்திருக்கிறது, அப்பப்பா காலமாகிவிட்டார் என்பது போல. அரசியல் எழுதக்கூடாது, இராணுவ விடயம் எழுதக்கூடாது. அந்தத் தாள் ஒட்டப்படாமல் திறந்தே போகும். வழியில் அதிகாரிகள் வாசித்துப் பார்க்கலாம். எழுதுபவருக்கு அது தெரியும், தெரிந்துகொண்டுதான் எழுதினார்.

இந்த இரண்டு வழிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கடிதம் ஒட்டியிருந்தது, ஆனால் கொண்டுபோனவர் நல்லவரா என்பது அதிர்ஷ்டம். மற்றதில் கொண்டுபோனவர் நம்பிக்கையானவர், ஆனால் கடிதம் திறந்திருந்தது. பின்னால் கணினியில் வந்த ஒவ்வொரு வழியும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஏதோ ஒரு பதில்தான்: கொண்டுபோகிறவர் யார்? அவரால் வாசிக்க முடியுமா?

எங்கள் பக்கத்து ஊரில் தொடங்கியது

கணினியின் கதை எங்களுக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் கார்ல்ஸ்ரூவ பல்கலைக்கழகத்தில் 1984 ஆகஸ்ட் 3 அன்று மிகாயெல் ரோட்டெர்ட்டின் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. ஜேர்மனிக்கு வந்த முதலாவது இணைய மின்னஞ்சல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மூன்று வருடங்கள் கழித்து, 1987 செப்டம்பரில், சீனாவிலிருந்து வெளியே போன முதல் மின்னஞ்சலும் அதே கார்ல்ஸ்ரூவவுக்குத்தான் வந்தது. பெருஞ்சுவரைத் தாண்டி உலகின் எந்த மூலைக்கும் எங்களால் போக முடியும் என்ற பொருளில் அதை எழுதியிருந்தார்கள். பிற்காலத்தில் சீனா இணையத்தைச் சுற்றிக் கட்டிய தடுப்புக்கு உலகம் அந்தப் பெருஞ்சுவரின் பெயரையே வைத்தது.

அதே 1987இல்தான் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களை ஒன்றாக இணைக்கும் பெல்வூ என்ற வலையமைப்பும் தொடங்கியது. அதன் ஒருங்கிணைப்பு ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தது. பின்னர் பல பள்ளிக்கூடங்களும் அதன் வழியாகவே இணையத்துக்கு வந்தன.

அந்த ஆரம்ப காலத்தில் சுவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள், ஒருவரையொருவர் நம்பினார்கள். 1988 நவம்பர் 2ஆம் திகதி அது மாறியது. அமெரிக்காவில் ரொபேட் மொறிஸ் என்ற மாணவர் வெளியே விட்ட ஒரு நிரல் தானாகவே கணினிக்குக் கணினி பரவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அன்றைய இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு நிறுவனங்கள் தங்கள் வலையைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கின.

சுவர் எழும்பியதும் உள்ளே இருந்தவர்களுக்குப் பிரச்சினை. அவர்களுக்கு வெளியே போகவேண்டிய வேலை இருந்தது. எனவே சுவரில் ஒரு இடத்தில் நம்பிக்கையான பதிலாளை வைத்தார்கள். 1992இல் டேவிட் கொப்ளாஸ் என்பவர் சொக்ஸ் என்ற முறையை வெளியிட்டார். உள்ளே இருக்கும் எந்த நிரலும் இந்தப் பதிலாளிடம் "அந்த முகவரிக்கு என்னை இணைத்துவிடு" என்று கேட்கலாம். 1996 மார்ச்சில் அதன் ஐந்தாவது பதிப்பு பொதுத் தரமாக வந்தது. இன்றைக்கும் ஒரு செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் "சொக்ஸ்5" என்ற பெயரைக் காணலாம். எங்களில் பலரை விட அதற்கு வயது அதிகம்.

ஐசிக்யூ சுவரைக் கண்டது

1996 நவம்பரில் இஸ்ரேலில் மிராபிலிஸ் என்ற சிறிய நிறுவனம் ஐசிக்யூவை வெளியிட்டது. நண்பர் இப்போது கணினியின் முன்னால் இருக்கிறாரா என்று காட்டும், எழுதியதை உடனே கொண்டுபோய்ச் சேர்க்கும். மின்னஞ்சல் கடிதம் என்றால் இது முற்றத்தில் நின்று கூப்பிடுவது. ஜேர்மனியில் 2000களில் இளைஞர்கள் பலருக்கு ஐசிக்யூ எண் இருந்தது. செய்தி வந்தால் "ஆ-ஓ" என்று ஒரு சத்தம் கேட்கும். உங்கள் அண்ணாமாரிடம், மாமாமாரிடம் கேளுங்கள், அந்தச் சத்தத்தை அவர்கள் வாயாலேயே செய்து காட்டுவார்கள். 1997இல் ஏஓஎல், 1998இல் யாஹூ, 1999இல் எம்எஸ்என் என்று மற்றவர்களும் வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம். ஒரு கணினியை 65,535 வாசல்கள் உள்ள கட்டிடம் என்று நினையுங்கள். இந்த வாசல்களுக்கு போர்ட் என்று பெயர். இணையப் பக்கங்கள் 80ஆம் வாசலால் போய்வரும். வங்கிப் பக்கம் போல மறைகுறியாக்கிய பக்கங்கள் 443ஆல் போகும். புதிதாக வந்த அரட்டை நிரல்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வாசலை வைத்துக்கொண்டன. ஐசிக்யூ முதலில் 4000, ஏஓஎல் 5190, எம்எஸ்என் 1863, யாஹூ 5050, ஜபர் 5222.

அலுவலகத்தில் ஃபயர்வோலைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இது வசதியாகப் போனது. 80ஐயும் 443ஐயும் திறந்து வைத்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டினால் அரட்டை நின்றுவிடும். பூட்டுவதற்கு அவருக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. அரட்டை வழியாகக் கோப்பு அனுப்பலாம், கோப்போடு வைரஸும் வரலாம். அந்தக் காலத்து ஐசிக்யூ செய்திகள் மறைகுறியாக்கம் இல்லாமல், தபால் அட்டை மாதிரித் திறந்தே போயின. நிறுவனத்தின் உள்விடயம் அந்தத் தபால் அட்டையில் போனால் வழியில் யாரும் வாசிக்கலாம்.

ஆனால் அரட்டை நிரல்கள் நிற்கவில்லை. தங்கள் வாசல் பூட்டியிருந்தால் திறந்திருக்கும் வாசலைத் தேடப் பழகின. இதற்கு முக்கியமாக மூன்று வழிகள்.

முதலாவது, சொக்ஸ் புரொக்ஸி. நிறுவனமே அப்படி ஒரு பதிலாளை வைத்திருந்தால், நிரலின் அமைப்பில் அந்த முகவரியை எழுதிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது, இணையப் பக்கம் மாதிரி வேடம் போடுவது. செய்தியை ஒரு சாதாரண இணையப் பக்கக் கோரிக்கைக்குள் வைத்து 80ஆம் வாசலால் அனுப்புவது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. இணையப் பக்கம் என்பது நீங்கள் கேட்டால்தான் பதில் வரும். அரட்டையிலோ நீங்கள் கேட்காதபோதும் மற்றவர் எழுதுவார். அதனால் நிரல் சில நொடிகளுக்கு ஒருமுறை சேவரிடம் போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தபால்காரர் வீட்டுக்கு வராத ஊரில் தினமும் தபால் கந்தோருக்குப் போய்க் கேட்பது மாதிரி. செய்தி கொஞ்சம் தாமதமாக வரும், ஆனாலும் வரும்.

மூன்றாவது வழிதான் மிகவும் சுவாரசியமானது. வங்கிப் பக்கத்தைப் புரொக்ஸி வாசிக்கக்கூடாது. எனவே புரொக்ஸியிடம் "இந்தச் சேவரின் 443ஆம் வாசலுக்கு ஒரு குழாய் போட்டுக் கொடு, உள்ளே என்ன போகிறது என்று பார்க்காதே" என்று கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டாக்கினார்கள். அதன் பெயர் கொனெக்ட். வங்கிக்காகச் செய்த அந்தக் குழாயை அரட்டை நிரல்களும் எடுத்துக்கொண்டன. வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே மாதிரி மூடிய குழாய். உள்ளே போவது பணமா, "சாப்பிட்டாயா?" என்ற கேள்வியா என்று தெரியாது.

2003இல் வந்த ஸ்கைப் இன்னும் ஒரு படி மேலே போனது. சுவருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பேரால் நேரே இணைய முடியாவிட்டால், சுவர் இல்லாத மூன்றாவது பாவனையாளர் ஒருவரின் கணினி வழியாக அது பாதை போட்டது. எங்கள் பெற்றோர் ஸ்கைப்பில் ஊரோடும் கனடாவோடும் கதைத்த காலத்தில், யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் கணினி அவர்களின் குரலைக் கொண்டுபோயிருக்கலாம். மைக்ரோசொஃப்ட் அதை வாங்கிய பிறகு, 2012இல், அந்த வேலையைத் தன் சொந்தச் சேவர்களுக்கு மாற்றியது.

ஐசிக்யூ 2024 ஜூனில் மூடப்பட்டது. ஸ்கைப் 2025 மேயில் போனது. ஆனால் அவை சுவரிடம் கற்ற பாடம் போகவில்லை. இன்று ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் தேவைப்பட்டால் 443ஆல் போகின்றன. அலுவலகச் சுவருக்கும் அரட்டைக்கும் நடந்த அந்தப் போட்டியில் வென்றது திறந்திருந்த வாசல்தான்.

சுவர் நாட்டின் அளவுக்கு வளர்ந்தது

அலுவலகமோ பள்ளிக்கூடமோ சுவர் போட்டால் வெளியே வந்து கைத்தொலைபேசியை எடுக்கலாம். ஒரு நாடே சுவர் போட்டால்?

இலங்கையில் 2007 ஜூனில் தமிழ்நெற் செய்தித்தளத்தை நாட்டுக்குள் திறக்க முடியாதபடி இணைய நிறுவனங்கள் தடுத்தன. அது அரட்டையல்ல, ஒரு செய்தித்தளம். ஆனால் தடுக்கப்பட்ட ஒன்றைப் புரொக்ஸி வழியாகப் பார்ப்பது என்ற வழக்கம் அங்கே அப்போதே தொடங்கிவிட்டது.

அரட்டைக்குச் சுவர் வந்தது 2018 மார்ச் 7ஆம் திகதி. கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. வெறுப்பைப் பரப்பும் பதிவுகள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டிருந்தன என்பது காரணம். அது பொய்க்காரணம் அல்ல. இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 2020இல், அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. முகநூல், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடுக்கப்பட்டு, எல்லாம் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அடுத்தது 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன, கொழும்பில் ஹோட்டல்களிலும் வெடித்தன. 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். அன்றே சமூக ஊடகங்களும் அரட்டைச் செயலிகளும் தடுக்கப்பட்டன. ஏப்ரல் 30 வரை தடை இருந்தது. மே மாதத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது மறுபடியும் போட்டார்கள். அந்த வருடம் ஒரு மாற்றமும் இருந்தது. உலகம் முழுவதும் இணையத் தடைகளைக் கவனிக்கும் நெட்புளொக்ஸ் அமைப்பு, டனல்பெயர் என்ற விபிஎன் சேவையும் அங்கே தடுக்கப்பட்டிருப்பதாக அறிவித்தது. சுவர் கட்டுபவர் இப்போது பதிலாளையும் தேடத் தொடங்கிவிட்டார்.

அந்த நாட்களில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சுவரும் இல்லை. எங்கள் வைபர் திறந்தது, வட்ஸ்அப் திறந்தது. அனுப்பிய செய்திக்குக் கீழே மட்டும் ஒற்றைச் சரிக்குறி. செய்தி உங்களிடமிருந்து போய்விட்டது, அவரிடம் போய்ச் சேரவில்லை என்று அதற்குப் பொருள். சுவர் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஊமையாகிவிடுகிறது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு வேலை செய்தது என்பது உண்மை. எங்கள் பெற்றோரின் தலைமுறை உடனே அதைத்தான் எடுத்தது. அவர்களுக்கு எண்கள் மனப்பாடம். எங்களுக்கோ மச்சாளின் வைபர் படம் தெரியும், அவளுடைய எண் தெரியாது.

2022இல் நடந்தது வேறு மாதிரி. பொருளாதாரம் நொறுங்கி, மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஏப்ரல் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றுக்கு அழைப்பு இருந்தது. அதற்கு முன் ஊரடங்கு போட்டார்கள். அன்று நள்ளிரவுக்குப் பின், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி, முகநூல், வட்ஸ்அப், டுவிட்டர் உட்படப் பல சேவைகள் தடுக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த சுவர், நான்கு வருடங்களில் அரசாங்கத்துக்கு எதிரான பேச்சைத் தடுக்கவும் பயன்பட்டது. ஆனால் இம்முறை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பிற்பகலில் தடையை நீக்கினார்கள். பாதுகாப்பு அமைச்சுக்கு இப்படித் தடுக்கச் சொல்லும் அதிகாரம் இல்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சொன்னது. அன்றைய அமைச்சரும் ஆட்சிக் குடும்பத்தின் பிள்ளையுமான நாமல் ராஜபக்ஷவே டுவிட்டரில் வந்து, தான் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும், அது இருக்கும்போது இப்படியான தடைகளால் பயனில்லை என்றும் எழுதினார்.

அந்த வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவர் கட்டிய வீட்டில் இருந்தவருக்கே ஏறிக் குதிக்க ஏணி இருந்தது. கொழும்பில் கணினி தெரிந்த இளைஞருக்கும் இருந்தது. கிளிநொச்சியில் ஒரு பேரப்பிள்ளை அமைத்துக் கொடுத்த கைத்தொலைபேசியில் பச்சை அழைப்புப் பொத்தானை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் அம்மம்மாவுக்கு அந்த ஏணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இப்படியான தடை எல்லோரையும் ஒரே மாதிரித் தடுப்பதில்லை. வழி தெரிந்தவரைச் சில நிமிடம் தாமதப்படுத்தும், வழி தெரியாதவரை முழுதாக வெட்டிவிடும். வதந்தி பரப்புகிறவர் பெரும்பாலும் வழி தெரிந்தவர். 'ஆபத்தில்லை, வீட்டில்தான் இருக்கிறோம்' என்று சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வழி தெரியாதவர்.

ஏணியை யாரிடம் வாங்குவது?

அப்படியென்றால் எல்லோரும் விபிஎன் போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் லொட்ஜ் முதலாளியும் செஞ்சிலுவைத் தாளும் திரும்ப வருகிறார்கள்.

ஒனாவோ என்ற விபிஎன் செயலியை முகநூல் நிறுவனம் 2013இல் வாங்கியது. இலவசம். உங்கள் இணையத்தைப் பாதுகாக்கும் என்று விளம்பரம். ஆனால் பாதுகாப்புக்காக என்று அதன் வழியாகப் போன எல்லாவற்றையும் வைத்து, மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று முகநூல் கணக்கெடுத்தது. வட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை, 2014இல் அதை வாங்குவதற்கு முன், முகநூல் அந்தக் கணக்கிலிருந்து பார்த்தது. 2018 டிசம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் இது வெளியே வந்தது. அதற்கு முன்பே, அந்த ஆகஸ்டில், அப்பிள் தன் விதிகளுக்கு முரண் என்று சொன்னதால் அந்தச் செயலி அப்பிளின் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த வருடம் முழுதாக மூடப்பட்டது.

புரொக்ஸி ஒரு ஆள். ஆளுக்குக் கண் உண்டு. பணம் வாங்காமல் உங்கள் கடிதத்தைத் தினமும் சுமக்கிறவர் எதனால் சாப்பிடுகிறார் என்று கேட்பது தவறல்ல.

நல்ல செய்தியும் உண்டு. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப், இரு முனைகளுக்கு இடையே மறைகுறியாக்கத்தை எல்லோருக்கும் கொடுத்தது. அதே மாதம் வைபரும் அதை அறிவித்தது. அதாவது செய்தியை உங்கள் கைத்தொலைபேசியிலேயே பூட்டி, மற்றவரின் கைத்தொலைபேசியில்தான் திறப்பது. நடுவில் கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. 1990களில் கிடைக்காத ஒன்று இது: கொண்டுபோகிறவரை முழுதாக நம்பாமலே அவரிடம் கடிதத்தைக் கொடுக்கலாம்.

இந்தப் பூட்டு வந்த பிறகுதான் புரொக்ஸியைச் சாதாரண மனிதர்களின் கையில் கொடுக்க முடிந்தது. 2021 தொடக்கத்தில் ஈரானில் சிக்னல் தடுக்கப்பட்டபோது, வெளிநாடுகளில் இருப்பவர்கள் தங்கள் சேவரில் சிறிய புரொக்ஸி ஒன்றை நடத்தி, அதன் முகவரியை ஈரானில் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சிக்னல் வழிசெய்தது. 2023 ஜனவரி 5ஆம் திகதி வட்ஸ்அப்பும் அதைச் செய்தது. வட்ஸ்அப்பின் அமைப்புகளில், சேமிப்பும் தரவும் என்ற பகுதியில், புரொக்ஸி என்று ஒரு வரி இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் தடை இல்லாததால் நாங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டோம். அது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கானது. ஏணியை இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் நீட்டலாம்.

ஆனால் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. பூட்டிய கடிதம் என்றாலும் உறையின் மேல் முகவரி தெரியும். புரொக்ஸி நடத்துபவருக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எப்போது வருகிறீர்கள் என்பது தெரியும். என்ன எழுதினீர்கள் என்பதுதான் தெரியாது. மற்றது, ஏணியில் ஏறுவது நீங்களல்ல, அங்கே இருப்பவர். இந்தியாவின் காஷ்மீரில் 2020 பெப்ரவரியில், தடையை மீறி விபிஎன் வழியாகச் சமூக ஊடகம் பாவித்தவர்கள் மீது பொலிஸார் வழக்குப் பதிந்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு "இதைப் போடு, ஒன்றும் ஆகாது" என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். அங்கே சட்டம் என்ன, காலம் என்ன என்று தெரிந்துகொண்டு, முடிவை அவர்களிடம் விடுவதுதான் சரி.

இப்போதே செய்யக்கூடியவை

அடுத்த தடை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை காத்திருந்தால், வரும் நாளில் எதையும் அனுப்ப முடியாது. வழிமுறையைச் சொல்வதற்கே வழி இருக்காது. எனவே ஊரில் இருப்பவர்களின் வீட்டு எண்ணையும் கைத்தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு செயலியை மட்டும் நம்பாமல் இரண்டை வைத்திருங்கள். வீட்டில் வயதானவருக்கு யார் உதவுவார், பக்கத்து வீட்டில் யாருக்குச் சொன்னால் போய்ச் சொல்வார் என்று கேட்டு வையுங்கள். கடைசியில் அம்மம்மாவுக்கான புரொக்ஸி அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். 1990களில் ஊருக்கு உங்கள் கடிதத்தை யார் கொண்டுபோனார்? அனேகமாக ஒரு பெயர் வரும். சில வீடுகளில் அந்தப் பெயரோடு, நிறம் மங்கிய, ஒட்டப்படாத ஒரு தாளும் அலுமாரியிலிருந்து வெளியே வரும். அதில் சில வரிகள்தான் இருக்கும், ஏனென்றால் குடும்பச் செய்திக்கு மேல் எழுத அனுமதி இல்லை. அந்தச் சில வரிகளில் அவர்கள் எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள்.